வண்டிக் கடன், ஆர்பிட்ரேட்டர், ஒரு இங்கிலீஷ் கடிதம்: நான் பட்ட பாடு

வண்டிக் கடனில் தவணை தவறிப்போய், சென்னையிலிருந்து இங்கிலீஷில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு தனி நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது) நோட்டீஸ் வந்து, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு குட்டி யானை வைத்து வாடகைக்கு விடுகிறேன், வண்டியை டிரைவர் ஓட்டுகிறார், கணக்கை நான் பார்க்கிறேன். படித்தது தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை. "இந்த நடுவர் எனக்கு நியாயமாக நடப்பார் என்ற நம்பிக்கை இல்லை" என்று தமிழில் ஒரே வரியில் முடிகிற விஷயம் இங்கிலீஷ் கடிதமாக மாறியதும், அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு எதிராகவே திரும்பி வந்தது. டைப்பிங் கூலி, வக்கீல் ஃபீஸ், வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்த யார்டின் வாடகை, ஓடாமல் நின்ற நாட்களின் வாடகை எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தை நெருங்குகிறது.

முதலில் தகராறு எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காப்பி பறிக்கிற நேரம், எஸ்டேட்டுகளிலிருந்து லோடு இறங்கி எங்களுக்குக் கையில் காசு புரள்கிற நேரம் அதுதான். அப்போது பார்த்து வண்டி வாசலில் நின்றது, மூன்று தவணை தவறியது. பிறகு லோடு வரத் தொடங்கியதும் கட்ட ஆரம்பித்தேன், ஆனால் ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தால் பவுன்ஸ் சார்ஜ், வீட்டுக்கு ஆள் வந்து போன சார்ஜ், அதற்கு மேல் 'அடிஷனல் இன்ட்ரஸ்ட்' என்று ஒரு தொகை. தாமதத்துக்கு வட்டியை ஏற்றக்கூடாது, அபராதத்தைத் தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லி, 2024 ஏப்ரலில் இருந்து புதுக் கடன்களுக்கு அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. என் கடன் அதற்குப் பிறகு வாங்கியது. கடன் கொடுத்த கம்பெனியின் சேலம் கிளையில் போய்க் கேட்டால், "அதெல்லாம் ஹெட் ஆபீஸ்தாங்க பார்க்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். மீதியைக் கட்டுகிறேன், இந்தத் தொகையை மட்டும் எடுங்கள் என்று நான் நிற்க, அடுத்த ஆடி மாதம் நோட்டீஸ் வந்தது.

கடன் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருக்கும், நாம் படித்திருக்க மாட்டோம்: தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் ஒரே நடுவர் விசாரிப்பார், இடம் சென்னை, மொழி இங்கிலீஷ். நோட்டீஸில் இன்னாரை நியமித்திருக்கிறோம் என்று ஒரு பெயர் இருந்தது. அன்று ராத்திரி அந்தத் தாளையும், அதற்கு முன்னால் கம்பெனி வக்கீல் அனுப்பிய நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், இரண்டு லெட்டர்பேடிலும் ஒரே கட்டடம், ஒரே மாடி, கதவு எண் கூட ஒன்று. எனக்கு எதிராக வாதாடுகிறவரும் எனக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். வயிற்றைப் பிசைந்தது. முதல் விசாரணை போனில் வீடியோவில் நடந்தது, என் முறை வரும்வரை காத்திருந்து கேட்டேன், தர்மபுரிக்காரர், ஆத்தூர்க்காரர் என்று வரிசையாக வருகிறார்கள், எல்லாருக்கும் எதிர்க்கட்சி இதே கம்பெனி. என் வீட்டுக்காரர், "எதையாவது கட்டித் தொலைச்சிடலாம் விடு" என்றார். அவருக்குப் பயம், எனக்குக் கோபம்.

அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் இப்படிக் கடிதம் எழுதித் தருவார்கள் என்று சொன்னார்கள், போனேன். அந்தத் தம்பி நான் தமிழில் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான், அதைக் குறை சொல்ல மாட்டேன். "நல்லா ஸ்ட்ராங்கா போட்டுடலாங்க்கா, பயந்துடுவாங்க" என்றான். 2,000 ரூபாய். இரண்டு பக்கத்துக்கு வந்தது, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. மகளை விட்டு ஒருமுறை படிக்கச் சொன்னேன், அவளுக்கும் தப்பாக எதுவும் தெரியவில்லை, பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். நடுவருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். அப்புறம் நடந்தது: கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியைக் கைப்பற்றச் சொல்லி நடுவரின் இடைக்கால உத்தரவு வந்தது, கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் லோடோடு போன வண்டியை மறித்து, லோடை இறக்க மட்டும் விட்டு, யார்டுக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் போன் பண்ணி அழாத குறையாகச் சொன்னார். கூடவே, என் கடிதத்துக்கு அவர்கள் வக்கீல் எழுதிய பதில். உத்தரவைவிட அந்தப் பதில்தான் என்னை உடைத்தது, ஏனென்றால் நான் சொன்ன எதுவுமே அதில் இல்லை, நான் சொல்லாதது எல்லாம் நான் சொன்னதாக இருந்தது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு வக்கீலிடம் போனதில் 8,000 போனது, ஒரு வாய்தாவுக்கு வீடியோவில் வந்தார், அதோடு சரி. கடைசியில் உறவுக்காரர் ஒருவர் மூலம் அஸ்தம்பட்டியில் ஓய்வு பெற்ற சிரஸ்தார் (கோர்ட் அலுவலகத் தலைமை அதிகாரி) ஒருவரைப் பார்த்தேன். கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் மனுக்களைப் படித்துக் களைத்தவர். கடிதத்தை ஒரு முறை, பதிலை ஒரு முறை படித்துவிட்டு, "கண்ணு, உன் கேஸ் நல்ல கேஸ், லெட்டர்தான் உன் பேச்சைக் கேட்கலை" என்றார். அதன் பிறகு அவர் சொன்னது எல்லாம்தான் கீழே.

பெரிய அடி 'இன்ட்ரஸ்ட்' என்ற வார்த்தையில் விழுந்திருந்தது. நடுவருக்கும் கம்பெனிக்கும் தொடர்பு இருக்கிறது, அவர் சுயலாபம் இதில் கலந்திருக்கிறது என்று நான் சொன்னதை அந்தத் தம்பி, 'ஐ ஹேவ் கான்ஃப்ளிக்ட் இன் இன்ட்ரஸ்ட்' என்று போட்டிருந்தான். கடன் வழக்கில் இன்ட்ரஸ்ட் என்றால் முதலில் எல்லார் கண்ணுக்கும் தெரிவது வட்டி. பதிலில் அரைப் பக்கத்துக்கு வட்டி விகிதம் என்ன, எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன், வட்டியை நான் முன்பே ஒப்புக்கொண்டது எப்படி என்று விளக்கியிருந்தார்கள். வேண்டுமென்றே அப்படிப் படித்தார்களா என்று கேட்டதற்குச் சிரஸ்தார் ஐயா, "வேணும்னே படிச்சாலும் நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா, வாசலைத் திறந்து வச்சது நம்ம லெட்டர்" என்றார். எழுத வேண்டியது 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்', நடுவில் 'ஆஃப்' மட்டும்தான் வரும். அது யாருக்கு இருக்கிறது என்பதும் முக்கியம். 'ஐ ஹேவ்' என்றால் எனக்கு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. 'தி ஆர்பிட்ரேட்டர் ஹேஸ் எ கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று அவர்மேல்தான் எழுத வேண்டும். கடன் விவகாரமாக இருந்தால் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு, 'ரிலேஷன்ஷிப் வித் ஒன் ஆஃப் தி பார்ட்டீஸ்' என்று நேராகத் தொடர்பைச் சொல்வது இன்னும் பத்திரம் என்றார், ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல் இருக்கிறதாம். அதே கடிதத்தில் இன்னொரு இடத்தில் 'ஐ வாண்ட் அன் அன்இன்ட்ரஸ்டட் ஆர்பிட்ரேட்டர்' என்று இருந்தது. அதற்கு, கேஸில் அக்கறை இல்லாத, கொட்டாவி விடுகிற நடுவர் வேண்டும் என்று அர்த்தமாம். இந்த விவகாரத்தில் லாப நட்டம் எதுவும் இல்லாதவர் என்பதற்கு 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. ஆனால் இந்தக் காலத்தில் அதையும் பாதிப் பேர் அக்கறை இல்லாதவர் என்றே படிக்கிறார்கள், அதனால் சுதந்திரமான, நடுநிலையான நடுவர் என்று பொருள் வர 'இண்டிபெண்டன்ட் அண்ட் இம்பார்ஷியல்' என்று போட்டுவிடு, சட்டத்தில் உள்ள சொல்லும் அதுதான் என்றார்.

அடுத்தது இன்ஃப்ளூயன்ஸ். 'தி ஆர்பிட்ரேட்டர் இஸ் அண்டர் இன்ஃப்ளூயன்ஸ்' என்று ஒரு வரி. கம்பெனியின் செல்வாக்குக்கு உட்பட்டவர் என்று சொல்ல நினைத்தது. யாருடைய இன்ஃப்ளூயன்ஸ் என்று சொல்லாமல் மொட்டையாக 'அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' என்று விட்டால் இங்கிலீஷில் அது போதையில் இருப்பவரைச் சொல்வது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற கேஸில் எழுதுவது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே உடம்பெல்லாம் கூசியது, முகம் தெரியாத ஒரு பெரிய மனுஷரைக் குடிகாரர் என்று என் பெயரில் ஒரு கடிதம் சொல்லியிருக்கிறது. இரண்டு பத்தி தள்ளி, 'அன்ட்யூ இன்ஃப்ளூயன்ஸ்' என்று வேறு. அது கேட்க எடுப்பாக இருக்கிறது, ஆனால் அதற்கென்று தனி வீடு இருக்கிறது: 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒருவர் தன் மேல்நிலையைப் பயன்படுத்தி இன்னொருவரை ஒப்பந்தத்துக்கு வளைப்பதற்குத்தான் அந்தச் சொல். அதனால் எதிர்க்கட்சி வக்கீல், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதே நிர்ப்பந்தத்தில் என்று இவர் இப்போது புதுசாகக் கதை கட்டுகிறார், இத்தனை தவணை ஏன் கட்டினார் என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயம்தான், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதைத் தவிர.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது இதுதான். நமக்குக் கோபம் வந்தால் ஆளைத் திட்டத் தோன்றும், அவர் காசு வாங்கிவிட்டார், அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று. அப்படி எழுதினால் அதை நிரூபிக்கிற பாரம் நம் தலையில் ஏறிவிடும், எதிர்க்கட்சி மானநஷ்டம் என்றும் மிரட்டும். என்னையும் மிரட்டினார்கள். உண்மையில் சட்டம் நம்மிடம் அவ்வளவு கேட்கவில்லை. அவர் மனசு கெட்டுவிட்டது என்று காட்டத் தேவையில்லை, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நியாயமான சந்தேகம் வருகிற சூழ்நிலை இருக்கிறது என்று காட்டினால் போதும். இதற்குச் சிரஸ்தார் ஐயா 1923இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் என்ற இடத்து வழக்கைச் சொன்னார். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்துக் கேஸ். விபத்தில் அடிபட்டவர்கள் தரப்பு வக்கீல் அலுவலகத்தில் பங்காளியாக இருந்த ஒருவர், அதே விபத்துக்கான குற்ற வழக்கில் நீதிபதிகளுக்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறார். நீதிபதிகள் யோசிக்க உள்ளே போனபோது அவரும் கூடப் போனார். உள்ளே அவர் வாயே திறக்கவில்லை, நீதிபதிகளும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தண்டனையை மேல்கோர்ட் தள்ளுபடி செய்தது. நீதி செய்தால் மட்டும் போதாது, செய்ததாக வெளியே தெரியவும் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த வாசகம் பிறந்த வழக்கு அதுதானாம். எனக்கு என் லெட்டர்பேட் இரண்டும் கண்முன் வந்தன. யாரும் யாரையும் அயோக்கியன் என்று சொல்லாமலே அந்த வழக்கு ஜெயித்திருக்கிறது.

அதனால் 'ஹீ இஸ் பயஸ்ட்' என்று அடித்துச் சொல்லாமல், 'ரீசனபிள் அப்ரிஹென்ஷன் ஆஃப் பயஸ்' என்று எழுத வேண்டும். அவர் ஒருபக்கம் சாய்ந்தவர் என்பதற்கும், சாய்வார் என்று நான் அஞ்ச நியாயமான காரணம் இருக்கிறது என்பதற்கும் உள்ள தூரம், ஒரு மானநஷ்ட நோட்டீஸ் அளவு. நடுவர்களுக்கான 1996ஆம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 12ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு சொற்றொடர் இருக்கிறது, 'ஜஸ்டிஃபையபிள் டவுட்ஸ் ஆஸ் டு ஹிஸ் இண்டிபெண்டன்ஸ் ஆர் இம்பார்ஷியாலிட்டி'. நடுவரின் சுதந்திரத்தைப் பற்றியோ நடுநிலையைப் பற்றியோ நியாயமான சந்தேகங்கள். இதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடுவதுதான் நல்லது, அழகாக எழுதப் போகக்கூடாது. இன்னொரு சின்ன விஷயம், 'ஹீ இஸ் பயஸ்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், என் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. பயஸ் என்பது அந்தச் சாய்வின் பெயர், ஆளைச் சொல்லும்போது 'பயஸ்ட்'. அதற்குப் பின்னால் 'டு மீ' என்று போட்டால் எந்தப் பக்கம் சாய்வு என்றே தெரியாது. எனக்கு எதிராக என்றால் 'அகென்ஸ்ட் மீ', அவர்களுக்குச் சாதகமாக என்றால் 'இன் ஃபேவர் ஆஃப் தி கம்பெனி'.

பார்ஷியல் என்ற சொல்லும் வாரிவிட்டது. வண்டியைப் பிடிக்கச் சொன்ன உத்தரவை எதிர்த்துச் சென்னை வக்கீலிடம் போவதற்கு முன்னால் அதே கடையில் ஒரு சின்னக் கடிதம் அடித்து அனுப்பியிருந்தேன். அதில் 'யுவர் பார்ஷியல் ஆர்டர்' என்று இருந்தது. பாரபட்சமான உத்தரவு என்று அர்த்தம் வரும் என்று நினைத்தது, ஆனால் ஆர்பிட்ரேஷனில் பார்ஷியல் என்றால் தகராறில் ஒரு பகுதிக்கு மட்டும் சொன்ன தீர்ப்பு. பதில் எப்படி வந்தது தெரியுமா, பகுதித் தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை, இது 17ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு, மனுதாரருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னை உண்மையில் மாட்டிவிட்டது மரியாதைக்காகக் கடைசியில் சேர்த்த ஒரு வரி. 'ஐ ஹேவ் ஃபுல் ஃபெய்த் இன் யுவர் குட்செல்ஃப் அண்ட் ஐ வில் கோஆபரேட்'. தங்கள்மேல் முழு நம்பிக்கை வைத்திருக்கிறேன், ஒத்துழைப்பேன். நம் ஊர் மனு எல்லாவற்றிலும் இந்தக் குட்செல்ஃப் இருக்கும், கலெக்டர் ஆபீஸுக்கு எழுதினாலும் இருக்கும், ஆட்சேபணைக் கடிதத்தில் மட்டும் வரவே கூடாது. மேலே இரண்டு பக்கம் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டுக் கீழே முழு நம்பிக்கை என்று எழுதினால் எதை எடுத்துக்கொள்வார்கள்? இவர் நடுவரை ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆட்சேபணையைக் கைவிட்டுவிட்டார் என்று பதிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தெரிந்தும் ஆட்சேபிக்காமல் விசாரணையைத் தொடர்ந்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே 4ஆம் பிரிவு இடம் தருகிறது. மரியாதை காட்ட வேண்டும் என்றால் மேலே 'ரெஸ்பெக்டட் சார்' போதும்.

சிரஸ்தார் ஐயாதான் என்னை அதே கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 1987ஆம் வருஷத்துச் சட்டத்தில் 12ஆம் பிரிவு. இது எனக்குத் தெரியவே தெரியாது, அந்த 8,000 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். அங்கே கொடுத்த வக்கீல் மேடம் சின்ன வயசு, கூர்மையான ஆள். முதல் கடிதத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல், "நல்லவேளைக்கா, தேதிக்குள்ள அனுப்பியிருக்கீங்க" என்றார். நடுவரை ஆட்சேபிக்க, விஷயம் தெரிந்ததிலிருந்து 15 நாள்தான், ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆகவே இங்கிலீஷ் சரியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், காரணத்தோடு இரண்டு வரியாவது தேதிக்குள் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், விளக்கம் பின்னால் கொடுக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபணைக் கடிதம் அப்படித்தான் எழுதினோம். ஆரம்பமே, 'இன் கன்டினியுவேஷன் ஆஃப் மை லெட்டர்', இன்ன தேதிக் கடிதத்தின் தொடர்ச்சியாக, அதைத் தெளிவுபடுத்தி என்று. முந்தைய கடிதத்தில் நடுவரைப் பற்றித் தனிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் வைக்க நினைக்கவில்லை என்று ஒரு வரி. பிறகு முழுக்க முழுக்கச் சங்கதி, ஒரு பட்டம் கூட யாருக்கும் சூட்டவில்லை: இன்ன தேதி நோட்டீஸில் நடுவர் விலாசம் இது, இன்ன தேதி நோட்டீஸில் கம்பெனி வக்கீல் விலாசம் இது, இரண்டும் ஒன்று. அன்றைய விசாரணைப் பட்டியலில் இருந்த வழக்குகளில் கம்பெனி யார். கடந்த மூன்று வருஷத்தில் அதே கம்பெனி இவரை எத்தனை வழக்கில் நியமித்தது என்று தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டோ அதற்கு மேலோ என்றால் சந்தேகத்துக்கு இடம் என்று 5ஆம் அட்டவணை சொல்கிறது. 6ஆம் அட்டவணைப்படி நடுவர் எழுதித் தர வேண்டிய வெளிப்படுத்தல் படிவம் எனக்கு வரவில்லை. ஒரே வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால் 7ஆம் அட்டவணைப்படி அவர் நடுவராக இருக்கவே தகுதியில்லை, தகராறு வந்த பிறகு நான் தெளிவாக எழுதிக் கொடுத்தாலொழிய அந்தத் தடை நீங்காது, குட்செல்ஃப் வரி அப்படிப்பட்ட எழுத்து ஆகாது. வழக்கின் முடிவில் சொந்த லாபம் இருக்கிற ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொன்னதையும் மேடம் சேர்த்தார். முடிவில் 'ரிக்யூஸ்' என்ற சொல்லை நான் கேட்டிருந்ததால் அதைப் போடலாமா என்றேன், அது நீதிபதிகள் தாங்களாக விலகும்போது பேப்பரில் வருகிற சொல், இந்தச் சட்டத்தில் இருப்பது 'வித்ட்ரா ஃப்ரம் ஹிஸ் ஆஃபீஸ்', அதையே போடுவோம் என்றார். மொத்தம் ஒன்றரைப் பக்கம். முதல் கடிதத்தைவிடச் சாதுவாகத்தான் இருந்தது, என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, "இதுல காரமே இல்லையே" என்றார்.

பிரிஜுடிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது கடைசிவரை உதவியது. 'பிரிஜுடிஸ்ட் அகென்ஸ்ட் மீ' என்றால் என்மேல் முன்கூட்டியே ஒரு தப்பான எண்ணம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். 'காஸஸ் பிரிஜுடிஸ் டு மீ' என்றால் அந்தச் செயலால் எனக்குப் பாதிப்பு ஏற்படுகிறது, இதில் யாருடைய எண்ணத்தைப் பற்றியும் பேச்சில்லை. வண்டி பிடிபட்டதால் வருமானம் போனதை இரண்டாவது மாதிரிதான் எழுத வேண்டும். 'விதவுட் பிரிஜுடிஸ்' என்பது வேறு சங்கதி, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் சொல்கிறேன் என்று அர்த்தம். யார்டிலிருந்து வண்டியை எடுக்க ஒரு தொகை கட்டச் சொன்னால், 'விதவுட் பிரிஜுடிஸ் டு மை அப்ஜெக்ஷன்ஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டியதே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மொழியையும் கேட்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழி, ஒப்பந்தம் இல்லாவிட்டால் நடுவர் முடிவு செய்கிற மொழி என்று இருக்கிறது. என் பத்திரத்தில் இங்கிலீஷ் என்று அச்சடித்திருந்ததால் எனக்கு நடக்கவில்லை, உங்கள் பத்திரத்தில் மொழி பற்றி ஒன்றும் இல்லையென்றால் தமிழில் நடத்தச் சொல்லி முதலிலேயே கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கடிதம் போன பிறகு கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் நடுவர் தாம் விலகிக்கொள்வதாக நாலு வரி அனுப்பினார், காரணம் எதுவும் சொல்லவில்லை. புது நடுவரைக் கோர்ட் மூலம் போட வேண்டியிருக்கும் என்ற நிலை வந்ததும் கம்பெனியிலிருந்து போன் வந்தது, இந்த முறை மேடம் என்று கூப்பிட்டார்கள். பேசி முடிக்கலாம் என்றார்கள். அவர்கள் அனுப்பிய சமரசக் கடிதத்தின் தலையில் 'விதவுட் பிரிஜுடிஸ்' என்று இருந்தது, பேச்சு முறிந்தால் இதைக் காட்டி நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே என்று நான் சொல்ல முடியாமல் இருக்க. நாங்களும் எங்கள் பதிலின் தலையில் அதையே போட்டோம். அடிஷனல் இன்ட்ரஸ்ட் முழுக்க எடுத்தார்கள், பவுன்ஸ் சார்ஜில் பாதியை எடுத்தார்கள், தவறிய தவணையை நான் கட்டினேன், வண்டி மலையேறியது.

யார்டு வாடகையும் வண்டியை இழுத்துப்போன கூலியும் சேர்த்து 14,500 என் கையிலிருந்து போனதை மட்டும் அவர்கள் தரவில்லை. அதைத் தனியாகக் கேட்டு எழுதலாமா என்று மேடத்திடம் கேட்டேன். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்' என்ற வரியைக் காட்டினார், அதற்குப் பிறகு இந்தத் தகராறைப் பற்றி இரண்டு பக்கமும் எதுவும் கேட்க முடியாது. கையெழுத்துக்கு முன்னால் அதையும் தொகையில் சேர்க்கச் சொல்லி அவர் வாதாடிப் பார்த்தாராம், அவர்கள் இறங்கி வரவில்லை, வண்டி இன்னும் நின்றால் அதைவிட அதிகம் போகும் என்று விட்டுவிட்டோம். கடன் பாக்கி இல்லை என்று கம்பெனி தருகிற என்.ஓ.சி.யும், ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடனை நீக்குகிற ஃபார்ம் 35உம் கடன் முடிந்ததும்தான் வரும், அதற்கு இன்னும் தவணை இருக்கிறது.